புதுக்கோட்டையில் ஒரு பகல்: எட்டு இடம் வேண்டாம், மூன்று போதும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் சுற்றிக் காட்டும் வாடகைக் கார்க்காரர்களின் பட்டியலைப் பார்த்தாலே களைப்பு வந்துவிடும். விராலிமலை, கொடும்பாளூர், நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருக்கோகர்ணம், திருமயம், ஆவுடையார்கோயில். எட்டும் ஒரே நாளில். எங்களுக்கு வந்த பட்டியல் ஒன்றில் சித்தன்னவாசலுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அருங்காட்சியகத்தின் பெயரே அதில் இல்லை. "இறங்கி ஏறவே நேரம் சரியா இருக்குமேம்மா, எப்பப் பாக்குறது?" என்று கேட்டார் என் மாமனார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு. ஆனால் வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னால் கோபம் வந்துவிடும்.

அதனால் வண்டியை மட்டும் நாள் வாடகைக்குப் பேசிவிட்டு, இடங்களை நாங்களே மூன்றாகக் குறைத்தோம். சித்தன்னவாசல், புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம், திருமயம் கோட்டை. முதலாவது புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர், நடுவிலுள்ளது ஊரிலேயே, கடைசி தெற்கே 20 கிலோமீட்டர். போன வழியே திரும்பி வரும் அலைச்சல் கிடையாது. மாமா, ஆறாவது படிக்கும் என் மகள், நான், மூன்று பேர் கிளம்பினோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருப்பாரா என்பது வேறு கதை.

சித்தன்னவாசலில் முதலில் பார்க்க வேண்டியது ஓவியம் இல்லை, மலைமேல் இருக்கும் ஏழடிப்பட்டம் என்ற குகை. பலர் நேரே ஓவியக் குகைக்குப் போய்விட்டு, வெயில் ஏறியதும் இந்த மலைப் படிகளை அண்ணாந்து பார்த்து "அப்புறம் பார்க்கலாம்" என்று திரும்பிவிடுகிறார்கள். காலையில் ஏறினால் மேற்குச் சரிவில் மலையின் நிழலே நமக்குக் குடை. பத்து மணிக்கு மேல் பாறை சூடேறிவிட்டால் செருப்பைத் தாண்டிச் சுடும். படிகள் பாறையிலேயே வெட்டியவை. அகலம் ஒரே மாதிரி இருக்காது, ஆனால் செங்குத்து என்று சொல்ல முடியாது. மாமா இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். "நீங்க இங்கயே இருங்க மாமா, நாங்க பார்த்துட்டு வந்துடுறோம்" என்றேன். "நீ போம்மா, நான் வர்றேன்" என்றார்.

முகட்டைக் கடந்து மறுபக்கம் கம்பி பிடித்தபடி கொஞ்ச தூரம் நடந்தால் குகை. இயற்கையாகவே பாறை கவிந்து கூரை போட்ட இடம். உள்ளே வரிசையாகக் கற்படுக்கைகள், மொத்தம் 17. ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் கல்லையே தலையணை மாதிரி உயர்த்தி விட்டிருக்கிறார்கள். சமணத் துறவிகள் படுத்த, நோன்பிருந்த இடம். பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுப் பழமை. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்ற துறவிக்கு இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். மற்றப் படுக்கைகளில் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு கழித்து வெட்டிய பெயர்கள்: திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன். அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இந்த இடத்துக்கு ஆள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். நம் ஊரில் அவ்வளவு காலம் ஓடிய விடுதி வேறு ஏது?

என்னை எழுத்து இழுத்தது, மாமாவை வழவழப்பு இழுத்தது. குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, பக்கவாட்டில் விழுந்த காலை வெளிச்சத்தில் ஒரு படுக்கையின் மேற்பரப்பை நெடுநேரம் பார்த்தார். "ஒரே மட்டமா இருக்கு பாரு. மேடு பள்ளம் இருந்தா வெளிச்சம் ஒடைஞ்சு தெரியும். இது ஒடையலை. உளியால கொத்தி விட்டுட்டுப் போகலை, உக்காந்து தேய்ச்சிருக்கான்" என்றார். அவருடைய பணிமனையிலும் தேய்த்த இரும்புப் பரப்பை இப்படித்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்களாம். இதை எந்த அறிவிப்புப் பலகையும் எனக்குச் சொல்லியிருக்காது. வீட்டில் கைத்தொழில் தெரிந்த பெரியவர் இருந்தால், முழங்கால் வலியோடாவது மெதுவாக அழைத்துப் போங்கள்.

இறங்கி வந்து ஓவியங்கள் இருக்கும் அறிவர் கோயில். குடைவரை மிகச் சின்னது, வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்பதை நானே கேட்டேன். முகப்பில் நிற்கும் தூண் மண்டபம் பழையது இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்தில், குடுமியான்மலையில் சிதைந்து கிடந்த மண்டபத்தின் தூண்களைக் கொண்டுவந்து நட்டது. உள்ளே இருக்கும் ஓவியங்கள் 9-ஆம் நூற்றாண்டு. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுக்கினார் என்று பக்கத்துப் பாறையிலுள்ள கல்வெட்டு சொல்கிறது.

நுழைந்த உடனே அண்ணாந்து பார்க்காதீர்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் கறையும் திட்டும்தான் தெரியும். சுவரோரம் உள்ள சிற்பங்களை முதலில் பாருங்கள்: ஒருபுறம் நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர், எதிரே ஒரு சமண ஆசாரியர். அதற்குள் கண் பழகிவிடும். அதன் பிறகு விதானத்தைப் பார்த்தால் தாமரைக் குளம் மெல்ல மேலே வருகிறது. இலைகளின் பச்சை நன்றாகவே பிழைத்திருக்கிறது. மொட்டு, பாதி விரிந்தது, முழுக்க மலர்ந்தது என்று ஒவ்வொரு பூவும் வேறு வேறு. இடையிடையே மீன்கள், வாத்து இனப் பறவைகள், எருமை, யானை. குளத்துக்குள் இறங்கிப் பூப் பறிக்கும் மூன்று ஆண்கள். அவர்களில் இருவர் ஒரு பக்கம் சேர்ந்து நிற்க, ஒருவர் மட்டும் தனியே தாமரையைத் தோளில் சாய்த்தபடி நிற்கிறார். அந்த ஒருவரின் முகத்தில் ஏதோ ஒரு கேலி இருக்கிறது என்பது என் மகளின் கட்சி. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் அதை வைத்து அவள் நல்ல நேரம் அண்ணாந்தே நின்றாள், அது போதும்.

சமண நூல்கள் சொல்லும் சமவசரணத்தில், அதாவது தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் தெய்வீக மண்டபத்தில், அந்த உபதேசம் கேட்கப் போகும் பவ்வியர்கள் (வீடுபேற்றுக்குத் தகுந்தவர்கள்) கடந்து போகும் குளம் இது என்கிறார்கள் அறிஞர்கள். அந்த விவரம் தெரியாமல் பார்த்தாலும் நம் பக்கத்துக் கண்மாய்தான்; எருமை இறங்காத சொர்க்கத்தை அந்த ஓவியருக்கு நினைத்துப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது. தூண்களின் மேற்பகுதியில் இருக்கும் ஆடல் மகளிரை உள்ளே போகும்போது கவனிக்க மாட்டோம், திரும்பும்போது நின்று பாருங்கள். ஒருத்தியின் இடது கை உடம்புக்குக் குறுக்கே நீண்டு கிடக்கும் வளைவில், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. காய்ந்த சுண்ணச் சாந்தின் மேல் தீட்டிய ஓவியம் இது. ஈரச் சாந்தில் தீட்டியது போல நிறம் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்வதில்லை. அதனால்தான் இவ்வளவு உதிர்ந்திருக்கிறது.

உதிர்ந்தது பாதி, நம்மவர்கள் உதிர்த்தது பாதி. 1920 வாக்கில்தான் இந்த ஓவியங்கள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அதற்குப் பிறகு காவல் சரியாக இல்லாத காலத்தில் வந்தவர்கள் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. நாங்கள் இருந்தபோதே ஓர் இளைஞர், "ஃப்ளாஷ் போட மாட்டேன் சார், ஒண்ணே ஒண்ணு" என்று காவலரிடம் மல்லுக்கு நின்றார். காவலர் அசையவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அந்த இளைஞர் போன பிறகு, கருவறைக்குள் எங்களை அழைத்து ஓர் இடத்தில் நிற்க வைத்து, வாயை மூடியபடி 'ம்' என்று ஒரே சுருதியில் இழுக்கச் சொன்னார். மகள் இழுத்தாள். அறை முழுக்க அது பலமடங்காகச் சுற்றி வந்தது. வேறு சுருதியில் இழுத்தால் அவ்வளவு வருவதில்லை, இரண்டு மூன்று தடவை முயன்று பிடிக்க வேண்டும். இதை நீங்களாகத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. காவலரிடம் கேளுங்கள், பொறுமையாகக் கேளுங்கள்.

பக்கத்தில் பூங்கா, குழந்தைகள் விளையாடும் இடம், படகுக் குளம் எல்லாம் இருக்கின்றன. சின்னக் குழந்தைகள் உள்ளவர்களுக்கு அரை மணி நேரம் போகும். எங்களுக்குப் பெஞ்சும் நிழலும் கிடைத்தன, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். மலையைப் பார்த்த கண்ணோடு படகில் ஏறத் தோன்றவில்லை.

மதியச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. புதுக்கோட்டையில் ஒரு மெஸ்ஸில், பலகையில் மூன்றரை வரை சாப்பாடு என்று எழுதியிருந்தும், இரண்டு மணிக்கே தயிர்சாதம் மட்டும்தான் என்றார்கள். சரி, வெயிலுக்கு அதுவே நல்லது என்று மாமா சொல்லிவிட்டார். பெயர் போட மாட்டேன். வேறு நல்ல கடைகள் ஊரில் நிறையவே இருக்கின்றன.

அருங்காட்சியகத்தை உச்சிவெயிலுக்கு என்றே ஒதுக்கி வைத்திருந்தேன். திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1910-இல் சமஸ்தானம் தொடங்கியது. மாநில அரசின் அருங்காட்சியகங்களில் சென்னை எழும்பூருக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. அங்கே என்ன இல்லை என்று கேட்பதுதான் சுலபம். பாறை, தாது, பாடம் செய்த விலங்குகள், ஆயுதங்கள், ஓவியங்கள், செப்புத் திருமேனிகள், கற்சிற்பங்கள், நாணயங்கள், தாழிகள். இந்தக் கலவை சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஒரு சமஸ்தானம் தனக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து வைத்த வீட்டு அலமாரி போல இருக்கிறது. ஒழுங்கைவிட ஆசை அதிகம். பாடம் செய்த விலங்குகளை மட்டும் நான் வேகமாகக் கடந்துவிட்டேன். அந்தக் கண்ணாடிக் கண்கள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மகள் அங்கேதான் அதிகம் நின்றாள்.

காலையில் சித்தன்னவாசல், மதியம் இது என்ற வரிசையின் பலன் முதுமக்கள் தாழிகளுக்கு முன்னால் தெரிந்தது. சித்தன்னவாசலைச் சுற்றியே கல்வட்டங்களும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களும் இருக்கின்றன. போகும் வழியில் காரில் இருந்து பார்த்தால் வெறும் கற்கள்தான். தாழியைப் பார்த்த பிறகு, "அந்தக் கல்லுக்குக் கீழ இதுதான் இருந்துச்சா?" என்று மகள் கேட்டாள். முதலில் இங்கே வந்திருந்தால் அவளுக்கு இது ஒரு பெரிய பானை, அவ்வளவுதான்.

நாணயப் பகுதியில் கொஞ்சம் நின்று பாருங்கள். அம்மன் காசு என்று ஒன்று, விரல் நுனியில் நிற்கும் அளவுக்குச் சின்னச் செப்புக்காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. ஆங்கிலேயர் காலத்தில், நாடு முழுக்க ராணி தலை, ராஜா தலை போட்ட காசு ஓடியபோதும் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இந்தக் காசும் செல்லுபடியானது. நவராத்திரியில் சமஸ்தானம் அரிசி தானம் கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கொடுப்பார்களாம். சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் 'பிரகதாம்பாதாஸ்' என்றே சொல்லிக்கொண்டவர்கள். அந்தப் பிரகதாம்பாள் கோயில் இதே திருக்கோகர்ணத்தில்தான் இருக்கிறது. மதியம் நடை சாத்தியிருந்ததால் நாங்கள் உள்ளே போக முடியவில்லை. மாலையில் முடிகிறவர்கள் காசில் பார்த்த அம்மனை நேரிலும் பார்த்துவிடலாம்.

காசு என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று இங்கே இல்லை. 1898-இல் இதே வட்டாரத்தில் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைக்குக் குறுக்கே வேண்டுமென்றே ஒரு வெட்டு இருந்தது. இனி இது காசாக ஓடக்கூடாது, பொன்னாக மட்டும் எடை போட வேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்கிறார்கள். அந்தப் புதையலைப் பார்க்க லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். இதை மாமாவிடம் சொன்னேன். "வெட்டினவன் ஒரே ஆளா, பல ஆளான்னு வெட்டைப் பார்த்தாலே சொல்லிடலாம்" என்றார். லண்டனுக்கு யார் அழைத்துப் போவது என்று கேட்கவில்லை, நல்லவேளை.

செப்புத் திருமேனிகளுக்கு முன்னால் முழு மனதோடு நிற்க வேண்டுமானால் அருங்காட்சியகத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் வையுங்கள். நுழைவுக் கட்டணம் எவருடைய பையையும் கடிக்காது. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை, கிளம்பும் முன் நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

ஊரைக் கடக்கும்போது கலெக்டர் அலுவலகத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொள்ளலாம். அது மன்னரின் அரண்மனையாக இருந்த கட்டிடம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. இப்போது அந்தக் கட்டிடத்துக்குள் மக்கள் மனுவோடு நுழைகிறார்கள்.

திருமயத்துக்கு நாலு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம், அதுதான் சரியான நேரமும். கோட்டையை 1687-இல் கட்டியவர் ராமநாதபுரத்து கிழவன் சேதுபதி. அவர் மணந்த காதலி நாச்சியார், புதுக்கோட்டை ரகுநாதத் தொண்டைமானின் சகோதரி. கோட்டை பின்னாளில் தொண்டைமான்கள் கைக்கு வந்தது. அருங்காட்சியகத்தில் தொண்டைமான் பரம்பரையைப் பார்த்துவிட்டு வந்தால் இந்த உறவுமுறைக் கணக்கு குழப்பாமல் தலையில் ஏறும்.

கோட்டைக்குள் இருப்பது ஒரே பெரிய பாறை. அதன் மேல் ஏறிப் போவதுதான் கோட்டை பார்ப்பது. கீழே மாமா திண்ணை போன்ற ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார், இந்தத் தடவை நான் சொல்லாமலே. பாதி ஏற்றத்தில் பாறையின் பக்கவாட்டில் குடைந்த ஒரு சிறு அறை, உள்ளே லிங்கம். அதற்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். புடவையில் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சுடிதார் போட்டு வந்த நான் ஏறினேன், ஆனால் இறங்கும்போது கீழே பார்க்கவில்லை. உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. எல்லாரும் அதன் மேல் கைவைத்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது, பீரங்கியை விட்டுவிட்டு அது பார்க்கும் திசையைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றி வரும் மதில், அதற்கப்பால் ஊர், வயல், கண்மாய், காரைக்குடிச் சாலை. இந்த இடத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று குழந்தைக்கும் விளங்கும்.

மலையின் தென்புறச் சரிவில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து இரண்டு குடைவரைக் கோயில்கள். திருமெய்யம் என்னும் திருமயம் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். மாமா கோட்டையில் ஏறாததற்கு இங்கே ஈடு செய்துகொண்டார். ஒரே பாறையில் குடைந்த பள்ளிகொண்ட பெருமாளை ஒரு பார்வையில் முழுதாகப் பார்க்க முடியாது, தலையிலிருந்து கால் வரை நகர்ந்து நகர்ந்துதான் பார்க்க வேண்டும். சுற்றிலும் தேவர்களும் முனிவர்களும். மது, கைடபர் என்ற அசுரர்களை நோக்கி ஆதிசேஷன் சீறும் காட்சி. ஒரே மலையில் இரு கோயில் என்றால் சண்டை வராமல் இருக்குமா? வந்திருக்கிறது. 1245-இல் போசள (ஹொய்சள) அரசின் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் இரு தரப்பு வழக்கும் பேசித் தீர்க்கப்பட்டதைக் கல்வெட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்தது இந்த ஊரில்தான். பெருமாளுக்கும் இங்கே சத்தியமூர்த்தி என்றே பெயர்.

மூன்றையும் தரம் பிரிக்கச் சொன்னால், என் ஓட்டு சித்தன்னவாசலுக்குத்தான், அதிலும் ஏழடிப்பட்டத்துக்கு. மகள் கோட்டைக்குப் போடுவாள். ஆனால் எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் கோட்டையை விடுங்கள், அருங்காட்சியகத்தை விடாதீர்கள். கோட்டை நெடுஞ்சாலை ஓரத்தில்தான் இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் கல்யாணத்துக்குப் போகும்போது இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத்துக்கு அப்படித் தற்செயலாக யாரும் போவதில்லை.

பஸ்ஸில் வருகிறவர்கள் புதுக்கோட்டையை நடுவாக வைத்துக்கொண்டு, காலையில் அன்னவாசல் வழி போகும் பஸ்ஸைப் பிடித்துச் சித்தன்னவாசல் விலக்கில் இறங்குங்கள். அங்கிருந்து உள்ளே நடக்க வேண்டும், அல்லது ஆட்டோ. தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், மலைமேல் எதுவும் கிடைக்காது. ஷூ போட்டால் நல்லது. தை, மாசிக்குள் போய்விடுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் பாறையில் காலை எட்டு மணி கூடத் தாமதம்தான்.

பட்டியலில் நாங்கள் வெட்டிவிட்ட ஐந்தில் இரண்டுக்குத் தனியாக ஒரு நாள் வைத்திருக்கிறோம். ஒன்று குடுமியான்மலை, பாறைமேல் கிரந்த எழுத்தில் இசைக் குறிப்புகளைக் கல்வெட்டாக வெட்டிய இடம். இன்னொன்று நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரம்; அங்கே கருவறை வட்டமாக இருக்கும். மழையில் இடிந்து மறுபடி கட்டிய கோயில் என்று அங்கிருக்கும் கல்வெட்டே சொல்வதை மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்.